மூட்டையில் ஓர் எண், தொட்டியில் வேறு

25 கிலோ மூட்டைதானே என்று ஒரு கையால் தூக்கப் போகிறவரைப் பார்த்து ஸ்டோரில் எல்லோரும் சிரிப்பார்கள். 25 கிலோ சாமை என்றால் கோணி முக்கால்வாசி நிறைந்து நிற்கும். எஃகுக் குண்டுகளான ஸ்டீல் ஷாட்டில் அதே எடை ஆறு லிட்டர் பாத்திரத்துக்குள் அடங்கிவிடும். கை கீழே இழுக்கும், தோள்பட்டை சுளுக்கும், பக்கத்தில் இருப்பவர் "இன்னா, தூக்கிட்டியா?" என்பார்.

ஐ.டி.ஐ. முடித்து ஜமுனாமரத்தூர்ப் பக்கமிருந்து இறங்கி, போளூர், ஆரணி, ஆற்காடு வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் சேர்ந்தேன். பெரிய கம்பெனிகளுக்கு இரும்புத் தகடு, பீம், டக்ட் எல்லாம் வெல்டிங் செய்து, துரு நீக்கி, பிரைமர் அடித்து அனுப்பும் இடம். பக்கத்து ஷெட் ஃபவுண்டரி. இரண்டுக்கும், ஷாட்டை வேகமாக எறிந்து இரும்பைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் மிஷின்கள் உண்டு. சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்றிருப்பதைப் பார்த்த டைம் கீப்பர் என்னைக் கேரளாக்காரன் என்றே முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் ஷெட்டில் எனக்கு 'சேட்டா' என்றுதான் பெயர். ஜவ்வாது மலையில் மலையாளி என்றால் மலையை ஆள்கிற சனம் என்று விளக்கிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன்.

ஷாட் மூட்டைகளின் மேல் ஸ்டென்சிலில் எண்கள் இருக்கும். எஸ்-230, எஸ்-330, எஸ்-460, ஜி-25, ஜி-40. 'உயர் கரிம வார்ப்பு எஃகுக் குண்டு' என்பதெல்லாம் கொட்டேஷன் தாளில் மட்டுமே வரும். ஷெட்டுக்குள், "முன்னூத்தி முப்பது ரெண்டு மூட்ட, இருபத்தஞ்சு ஒரு மூட்ட" என்றால் முடிந்தது. புதிதாக வருபவர் இதைக் கேட்டுவிட்டு, 330 பெரியது, அதனால் 25 ரொம்பப் பொடி என்று நினைப்பார். அப்படி இல்லை. இந்த இரண்டு வரிசைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறவை.

எஸ் என்பது ஷாட், அதாவது உருண்டை. அதன் எண் அங்குலத்தைப் பத்தாயிரமாகப் பிரித்த கணக்கு. எஸ்-330 என்றால் 0.033 அங்குலம், சுமார் 0.85 மில்லிமீட்டர். எஸ்-230 என்றால் 0.6 மில்லிமீட்டர். கீழே எஸ்-70, மேலே 2 மில்லிமீட்டர் அளவுள்ள எஸ்-780. எண் ஏற ஏற உருண்டை பெருக்கும். ஜி என்பது கிரிட், உடைத்த கூர்முனைத் துண்டு. அதன் எண் சல்லடையின் எண். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய எத்தனை கண் என்பது. ஜி-25 என்றால் 25ஆம் எண் சல்லடை, கண்ணின் அகலம் 0.71 மில்லிமீட்டர். ஜி-80க்கு அந்தக் கண் 0.18 மில்லிமீட்டர்தான். இங்கே எண் ஏற ஏறத் துண்டு சிறுக்கும். இரண்டையும் வகுத்தது ஒரே அமைப்பு, அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. ஒரே தாளில் இரண்டு எதிர்க் கணக்கை எழுதி வைத்தவர்கள் ஒருநாளும் ஸ்டோரில் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கிரிட்டின் கணக்குத்தான் உலகத்தில் பழசு. உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் எண் கூடினால் நைசு. எங்கள் மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து வேணு பாப்பு பெயரைச் சூட்டியது, அதன் கண்ணாடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில்தான் தேய்த்து மெருகேற்றினார்கள். அப்படிப்பட்ட கண்ணாடியையும் முரட்டுத் தூளில் தொடங்கி, எண் கூடிக் கூடி, மாவு போன்ற தூளுக்கு வந்துதான் முடிப்பார்கள். அவர்களுக்குக் கடைசியில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. எங்களுக்குக் கீறல்தான் வேண்டும், அதுவும் அளவான கீறல். வழவழப்பான இரும்பில் பெயின்ட் பிடிக்காது. வார்னிஷ் மாதிரி உரிந்து வந்துவிடும்.

ஷாட் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பிறகுதான் ஓர் ஆலையில் நேரில் பார்த்தேன். பழைய இரும்பை உலையில் உருக்கி, உருகிய எஃகைத் தாரையாக ஊற்றும்போது குறுக்கே வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். தாரை சிதறித் துளியாகி, துளி விழுவதற்குள் உருண்டையாக உறைகிறது. பிறகு காயவைத்து, சலித்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடுகாட்டிப் பதம் பார்க்கிறார்கள். பெரிய உருண்டைகளை உடைத்தால் கிரிட். கரிமம் ஏறக்குறைய ஒரு சதவீதம் இருப்பது உயர் கரிம வகை. நாங்கள் வாங்கியது இதுதான். குறைந்த கரிம வகை ஒன்று உண்டு, அடிபட அடிபட இறுகும். எஃகு ஷாட்டுக்கு முன்னால் சில்டு அயர்ன் என்ற வார்ப்பிரும்பு வகை ஓடியது. கடினம் அதிகம், ஆனால் பொசுக்கென்று உடையும், மிஷினின் பிளேடையும் தின்றுவிடும். இன்னொன்று கட் ஒயர். கம்பியை அதன் தடிமன் அளவுக்கே துண்டு துண்டாக வெட்டுவது. விலை கூடுதல், அளவு ஒரே சீர்.

கிரிட்டுக்கு எண்ணோடு இன்னும் இரண்டு எழுத்து சேரும். ஜி.பி., ஜி.எல்., ஜி.எச். அது கடினத்தின் பெயர். ஜி.பி. மிதம், மிஷினுக்குள் கொஞ்ச நேரத்தில் முனை மழுங்கி ஷாட் மாதிரியே ஆகிவிடும். ஜி.எல். நடுத்தரம். ஜி.எச். ராக்வெல் அளவில் 60ஐத் தாண்டும். கடைசிவரை கூராகவே இருந்து வெட்டும், சக்கரத்தால் எறியும் மிஷினில் போட்டால் பிளேடையும் வெட்டும். அதனால் அதைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் அறைக்கு மட்டும் வைப்பார்கள். ஒரு தடவை எங்கள் பர்ச்சேஸ்காரர் விலை குறைவு என்று ஜி.எச். வாங்கி வந்தார். சக்கரத்தின் பிளேடுகள் எவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன என்பதை மெயின்டனன்ஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் ஃபோர்மேன் ஆற்காட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. அவருக்குக் கிரேடு என்பது பேச்சுக்கு ஒரு தொடக்கம், அவ்வளவுதான். புது மூட்டை பிரித்தால் ஒரு சிட்டிகை எடுத்து, டீ வாங்கி வந்த காகிதத்தின் வெள்ளைப் பக்கத்தில் தூவுவார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி வரும். குனிந்து பார்த்துக்கொண்டே விரல் நகத்தால் ஒன்றொன்றாக ஒதுக்குவார். வால் முளைத்தது ஒன்று, இரண்டு உருண்டை ஒட்டிக்கொண்டது ஒன்று, நீண்டுபோனது ஒன்று. சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டை வைஸில் வைத்து நெரிப்பார். உள்ளே பொள்ளல் இருந்தால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். "இது காத்த வித்துக்கினுகீறான் தம்பி" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளுவார். நான் அந்தப் பொள்ளலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது உள்சுவர் வெள்ளியாகப் பளபளத்தது.

ஷாட் வருமுன் மணல்தான் இருந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் 1870இல் மணல் வீச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் முழுக்க ஃபவுண்டரிகளில் மணல் பறந்தது, கூடவே சிலிகோசிஸும் வந்தது. உடைந்த மணலின் நுண்தூள் நுரையீரலில் தங்கி அதைக் கல்லாக்கும் நோய், குணமாகாத நோய். பிரிட்டன் 1949இல் போட்ட விதிகளில் வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதைத் தடுத்தது. எஃகு ஷாட் ஒரே தடவையில் தூளாகிவிடாமல் ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் என்பது செலவுக் கணக்கு; அது மூச்சில் சிலிக்காவை ஏற்றாது என்பது உயிர்க் கணக்கு. ஆனாலும் ஃபவுண்டரிப் பக்கம் வார்ப்பில் ஒட்டிய மோல்டிங் மணல் ஷாட்டோடு கலந்து மிஷினுக்குள் வரும். டஸ்ட் கலெக்டர் அடைத்துக்கொண்ட நாள்களில் 'சும்மா அஞ்சு நிமிஷம்தான்' என்று மாஸ்க் இல்லாமல் கதவைத் திறந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இருமலையும் தெரியும்.

இனி மிஷினுக்குள் நடப்பது. ஹாப்பரில் இருக்கும் ஷாட் வால்வு வழியாகச் சுழலும் சக்கரத்தின் நடுவில் விழுகிறது. பிளேடுகள் அதை வினாடிக்கு எழுபது, எண்பது மீட்டர் வேகத்தில் எறிகின்றன. இரும்பில் மோதித் தெறித்துக் கீழே விழுந்ததை ஸ்குரூ கன்வேயர் அள்ளி, எலிவேட்டர் வாளிகள் மேலே ஏற்றி, செப்பரேட்டரில் கொட்டுகின்றன. அங்கே ஷாட் ஒரு திரையாகக் கீழே இறங்க, குறுக்கே காற்று இழுக்கிறது. தூளையும் துருவையும் பொடிந்த ஷாட்டையும் காற்று கொண்டுபோகும், கனமானது மறுபடி ஹாப்பருக்கு.

முதல் நாள் செப்பரேட்டர் மூடியைத் திறந்து காட்டியபோதே எனக்கு அது புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மாவின் முறம் செய்த வேலைதான். சாமையை உரலில் குற்றி எடுத்தால் உமி, குறுநொய், முழு அரிசி, குற்றுப்படாத நெல், கல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். புடைத்தால் உமி பறக்கும். கொழித்தால் கல்லும் அரிசியும் பிரியும். தெள்ளினால் நொய் தனியாக வரும். அம்மா முறத்தை எப்போதும் முழுசாக நிரப்ப மாட்டார். கொஞ்சமாக, பரவலாகப் போடுவார். செப்பரேட்டரிலும் அதுதான் விதி. திரை அகலம் முழுக்க ஒரே கனத்தில் இறங்க வேண்டும். ஒரு ஓரம் ஓட்டை விழுந்தால் காற்று அந்த ஓட்டை வழியாகவே போய்விடும். மற்ற இடத்தில் தூள் தூளாகவே ஹாப்பருக்கு இறங்கும். இப்போது ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை அரைக்கும் மிஷின்கள் வந்துவிட்டன. அவற்றிலும் அடுக்குச் சல்லடை, கல் நீக்கி, காற்று இழுப்பான். மூடியைக் கழற்றினால் பாய் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர் பார்ப்பார்.

கிரேடு எண்ணின் குட்டு உடைவது இந்தச் சுழற்சியில்தான். மூட்டையில் எஸ்-330 என்று எழுதியிருப்பது புதுச் சரக்குக்குச் செய்த சத்தியம். 85 சதவீதம் 0.85 மில்லிமீட்டர்ச் சல்லடை மேல் நிற்கும், 96 சதவீதம் 0.71 மேல் நிற்கும், அவ்வளவுதான் அது சொல்வது. மிஷினுக்குள் போன மறுநாளே அது 330 அல்ல. பெரிதும் சிறிதும், உருண்டையும் உடைந்ததும் கலந்த ஒரு கூட்டம். இரும்பின் மேல் படுவது அந்தக் கூட்டம். அது நல்லதும்கூட. பெரியவை செதிலையும் தடித்த துருவையும் உடைக்கும், சிறியவை இண்டு இடுக்கைத் துடைக்கும். விட்டம் 230இலிருந்து 330 ஆனால் ஓர் உருண்டையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகும். அடி பலமாகும், ஆனால் ஒரு கிலோவில் இருக்கும் உருண்டைகள் மூன்றில் ஒன்றாகக் குறையும். பலம் வேண்டுமா, பரப்பு வேண்டுமா என்பதில்தான் வேலை. கலவை ஒரே நிலையில் நிற்கும்வரை எல்லாம் நலம்.

ஒரு மழைக்காலத்தில் அது நிற்கவில்லை. ஐப்பசி அடைமழை. பிளாஸ்ட் செய்த தகட்டை உடனே பிரைமர் அடிக்காவிட்டால் சில மணி நேரத்தில் மஞ்சளாகத் துரு பூக்கும். அவசரம் வேறு. வாடிக்கையாளர் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்தார். சுத்தம் 'எஸ்ஏ டூ அண்ட் ஹாஃப்' கேட்டிருந்தார்கள். 1967ஆம் ஆண்டின் சுவீடன் தரத்தில் தொடங்கி இப்போது உலகமே பேசுகிற அளவு அது. ஏறக்குறைய வெள்ளை உலோகம், லேசான நிழல் மட்டும் இருக்கலாம். அது சரியாக இருந்தது. பிறகு ரெப்ளிகா டேப்பை ஒட்டித் தேய்த்து, உரித்து, மைக்ரோமீட்டரில் வைத்தார். மேடு பள்ளம் 50 முதல் 75 மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 30ஐத் தொட்டு நின்றது. லாட் முழுக்க ரிஜெக்ட்.

மேனேஜர் ஸ்டோருக்குப் போய் ஜி-25 மூட்டையைத் தூக்கி வந்து இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார். "சார், கிரேடு கரெக்டா இருக்கு, பாருங்க."

பாய் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "சேட்டா, மூட்டய பாத்து இன்னா ஆவப்போவுது? தொட்டியிலேந்து ஒரு டப்பா அள்ளிக்கினு வா" என்றார்.

வால்வுக்குக் கீழே டப்பாவைக் காட்டிப் பிடித்து வந்தேன். 100 கிராம் நிறுத்து, பித்தளைச் சல்லடைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, மேலே கொட்டி, மூடிப் பிடித்துக் குலுக்கினோம். 25ஆம் எண் சல்லடையைத் திறந்தால் அதில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். 50க்குக் கீழே தட்டில் குவிந்து கிடந்தது பெரும்பகுதி, கருஞ்சாம்பல் நிறத்தில். விரலால் தொட்டால் ஒட்டியது. பல வாரங்களாக யாரும் புதுச் சரக்கு சேர்க்கவில்லை, செப்பரேட்டரின் காற்றுக் கதவான டாம்பரும் மூடிக் கிடந்தது. பில்லில் இருந்தது ஜி-25. மிஷினில் ஓடியது தூள்.

மேனேஜர் உடனே இருபது மூட்டையைக் கொட்டச் சொன்னார். பாய் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. மறுநாள் டேப் 100ஐத் தாண்டியது. அது முன்னதைவிட மோசம். மேடுகள் அவ்வளவு உயரமாக நின்றால் பிரைமர் பள்ளத்தில்தான் தங்கும், முனைகள் பெயின்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். பிறகு பாய் சொன்ன வழிக்கே வந்தார்கள். டாம்பரைச் சரிசெய்து தூளை வெளியேற்றி, ஷிஃப்டுக்கு ஒரு மூட்டை, தேய்ந்த அளவுக்கு மட்டும், தினமும். வாரம் ஒரு தடவை சல்லடை. அதை எழுதி வைக்கும் நோட்டு என் கைக்கு வந்தது. எனக்குக் குவாலிட்டி செக்‌ஷன் வேலை கிடைத்தது அந்த நோட்டால்தான்.

ஷாட் சுத்தம் செய்ய மட்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர் பஸ்ஸில் ஒருதரம் ஏறலாம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு, மூட்டை முடிச்சோடு, கூரைவரை ஆளோடு வளைந்து வளைந்து ஏறுகிற வண்டியின் கீழே பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு குழியிலும் வளைந்து நிமிர்கிறது. விரிசல் பெரும்பாலும் இழுபடும் மேற்பரப்பில்தான் பிறக்கும். ஸ்பிரிங் பட்டையின் அந்த முகத்தை ஷாட்டால் அடித்து வைத்தால் தோல் இறுகி உள்நோக்கி அழுந்தியிருக்கும். இழுக்கும் விசை முதலில் அந்த அழுத்தத்தைத் தீர்த்த பிறகே விரிசலைத் தொட முடியும். இதற்குப் பெயர் பீனிங். எவ்வளவு அடித்தது என்று அளக்க ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஆல்மென் ஒரு வழி கண்டார். மெல்லிய எஃகுப் பட்டையை நான்கு திருகில் இறுக்கி ஒரு பக்கம் அடித்துவிட்டு விடுவித்தால் அது வில்லாக வளையும். அந்த வளைவின் உயரம்தான் அளவு. இந்த வேலைக்கு உடைந்த ஷாட் ஆகவே ஆகாது. கூர்முனை பட்ட இடமே விரிசலுக்கு விதை.

நான் வேலையை விட்டு மலைக்கே திரும்பிவிட்டேன். இப்போது தங்கை மகன் ஓசூரில் மெல்லிய தகடு வேலை செய்யும் இடத்தில் இருக்கிறான். போன வருடம் வீடியோ காலில் வந்தான். "மாமா, நூத்தி எழுபது கேட்டு வாங்கினோம், ஷீட்டு பூரா குழி வுழுது. மிஷின் ஸ்பீடக் கொறைச்சும் பாத்துட்டோம்."

"கொஞ்சம் எடுத்து ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வை."

வைத்தான். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். எஸ்.ஏ.இ. கணக்கில் எஸ்-170 என்றால் 0.43 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். மூட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஐ.எஸ்.ஓ. 11124. அந்த உலகத் தரத்தில் ஷாட்டின் எண் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அங்கே 170 என்றால் 1.7 மில்லிமீட்டர், எஸ்.ஏ.இ.யின் எஸ்-660க்குச் சமம். ஒரே எழுத்து, ஒரே எண், விட்டத்தில் நான்கு மடங்கு, எடையில் அறுபது மடங்குக்கு மேல். பிரித்த மூட்டையை சப்ளையர் திரும்ப எடுக்கவில்லை. கனமான வார்ப்பு செய்யும் பக்கத்து ஃபவுண்டரிக்கு நஷ்டத்துக்கு விற்றார்கள்.

ஆகவே ஷாட் வாங்கும் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், ஆர்டரில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தரத்தின் எண் என்று எழுதுங்கள், பக்கத்தில் மில்லிமீட்டரையும், கிரிட் என்றால் கடின எழுத்தையும் போடுங்கள். சரக்கு வந்து இறங்கிய பிறகு மூட்டையை மறந்துவிட்டு வாரம் ஒரு தடவை தொட்டியிலிருந்து அள்ளிச் சலித்துப் பாருங்கள். நல்ல பித்தளைச் சல்லடை ஒரு செட்டின் விலை, ரிஜெக்ட் ஆகும் ஒரே ஒரு லாட்டின் பெயின்ட் செலவைவிடக் குறைவு.